துரு இறங்கும் இடம்

துருப்பிடித்துப் பொத்தலாகியிருக்க வேண்டிய இடத்தில் இரும்பு பளபளத்தது.

குழிக்குள் மூன்று பேர் குந்தி உட்கார்ந்து அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். நான், அரிப்புத் தடுப்புப் பொறியாளர் மெஹருன்னிசா, குழாய் லைன் நெடுக நடந்து காவல் பார்க்கும் காத்தமுத்து. மேலக்களத்தூர் எல்லை, கரிசல் மண், இரண்டு மீட்டர் ஆழம். காலை பத்து மணிக்கே குழி இட்லிக் கொப்பரை மாதிரி வெந்துகொண்டிருந்தது. எங்கள் முன்னால் டீசல் போகும் பதினெட்டு அங்குல எஃகுக் குழாய், இப்போது வடிக்கப்பட்டு காலியாக. எட்டு வருஷத்துக்கு முன்னால் வாய்க்கால் வெட்டிய யாரோ ஜேசிபி வாளியால் அதை உரசியிருக்கிறார்கள். கறுப்புப் பூச்சு ஒரு முழ நீளத்துக்குக் கிழிந்து, ஓர் இடத்தில் குழாய் நசுங்கியிருந்தது. குழாய்க்குள் ஓடிப் பார்க்கும் கருவி அந்த நசுங்கலைக் காட்டியதால் வந்திருந்தோம். நாற்பத்தெட்டு மீட்டரை அறுத்தெடுத்துப் புதுக் குழாய் வைக்க வேண்டும்.

என் வேலை பூச்சுச் சோதனை. புதுக் குழாய்க்கு உறை சுற்றியதும் ஒரு கம்பிச் சுருள் வளையத்தை அதன்மேல் உருட்டிக்கொண்டு போவேன். ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் பொறி பறந்து கருவி கத்தும். அந்த ஓட்டையை இந்தத் தொழிலில் ஹாலிடே என்பார்கள். காத்தமுத்து முதன்முதலில் அதைக் கேட்டபோது, நமக்கு வருஷத்துக்கு நாலு, குழாய்க்கு இன்னிக்கு மட்டும் ஆறா என்று கேட்டார்.

மெஹருன்னிசா நசுங்கிய இடத்தைக் கட்டைவிரலால் தேய்த்தார். கெட்டிலின் அடியில் படியும் உப்பைப் போல வெள்ளையாகப் பொடி வந்தது. அதன் கீழே எஃகு, பட்டறையிலிருந்து வந்த அன்று இருந்த நிறத்தில்.

"எட்டு வருஷம் ஈர மண்ணுல தோலில்லாம கிடந்திருக்கு" என்றார். "ஒரு புள்ளி துரு இல்ல. இது நல்ல செய்தி கிடையாது, இருதயராஜ்."

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. மண்ணுக்குள் கிடக்கும் இரும்பு கரையத்தான் செய்யும். அதைத் தடுக்க, கொஞ்ச தூரத்தில் வேறு தண்டுகளைப் புதைத்து, அவற்றிலிருந்து மண் வழியாகக் குழாய்க்கு மெல்லிய மின்சாரம் அனுப்புகிறோம். குழாய்க்குப் பதிலாகத் தண்டு கரையும். உலகம் முழுக்க இதுதான் முறை. ஆனால் இந்த முறை சுமாராகத்தான் வேலை செய்யும். இவ்வளவு அழகாக வேலை செய்து நான் பார்த்ததில்லை.

மேலே யாரோ கூப்பிட்டார்கள்.

குழி விளிம்பில் ஒரு பெண் நின்றிருந்தாள். நாற்பது வயதிருக்கும், இடுப்பில் சாவிக்கொத்து, கையில் குளிர்பானப் பாட்டில். பாட்டிலில் டீ நிறத்தில் தண்ணீர். காத்தமுத்து அறிமுகம் செய்தார்: பூங்கோதை, ஊராட்சியின் டேங்க் ஆபரேட்டர். குழியிலிருந்து இருபதடி தள்ளி ஆறு தூணில் நின்ற மேல்நிலைத் தொட்டி அவள் பொறுப்பு. காலையும் மாலையும் மோட்டார் போட்டு, தொட்டியை நிரப்பி, நானூறு வீட்டுக்குத் தண்ணீர் விடுவது அவள் வேலை.

அவள் நேராக மெஹருன்னிசாவிடம்தான் பேசினாள். மூன்று வருஷமாகத் தண்ணீர் சிவப்பாக வருகிறது. தொட்டிக்கு ஏறும் இரும்புக் குழாயை மூன்று முறை மாற்றியாகிவிட்டது. ஒவ்வொரு முறையும் ஒரே வருஷத்தில் தரையோடு தரையாக அரித்துப் போகிறது. நல்ல குழாயை விற்றுவிட்டுச் சொத்தைக் குழாய் போடுகிறாள் என்று ஊரில் பேச்சு. வெள்ளிக்கிழமை கிராம சபை. அவளை வேலையிலிருந்து எடுப்பது பற்றித்தான் தீர்மானம்.

"நீங்க இரும்பு படிச்சவங்கன்னு அண்ணன் சொன்னாரு. இது ஏன் இப்படி அரிக்குதுன்னு ஒரு லெட்டர் எழுதிக் குடுங்க. திருடின்னு பேரோட வீட்டுக்குப் போக மாட்டேன்."

மெஹருன்னிசா பாட்டிலை வெயிலில் தூக்கிப் பார்த்தார். குடிநீர் தன் துறை இல்லை என்று சொன்னார். சொல்லிவிட்டுப் பாட்டிலைத் திருப்பிக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டார். அன்று செவ்வாய்க்கிழமை.

*

மதியம் ஏரிக்கரைக்குப் போனோம். தொட்டியிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. கரையத்தான் புதைத்த தண்டுகள் அங்கேதான் இருந்தன, பதினான்கு. அவற்றையும் மாற்றுவது இந்த வேலையில் சேர்த்தி. கிரேன் ஒவ்வொன்றாக வெளியே எடுத்தது. ஏழு வருஷம் மண்ணில் இருந்தவை. எல்லாம் ஒரே அளவில் தேய்ந்திருக்க வேண்டும்.

பன்னிரண்டு தண்டுகள் அப்படியே இருந்தன. ஒட்டிய மண்ணைத் தட்டினால் வார்ப்பு எண் தெரிந்தது. மீதி இரண்டும் சீவிச் சீவித் தீர்ந்த பென்சிலைப் போல விரல் கனத்துக்கு வந்திருந்தன.

"இந்த ரெண்டு மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?" என்றார் காத்தமுத்து.

மெஹருன்னிசா சுற்றிலும் பார்த்தார். அந்த இரண்டு தண்டும் இருந்த குழிகளுக்கு ஆறடி தள்ளி ஒரு சின்ன மோட்டார் அறை. ஊராட்சியின் ஆழ்துளைக் கிணறு. அங்கிருந்துதான் மேலக்களத்தூருக்குத் தண்ணீர் போகிறது.

"மாப்பிள்ளையக் கேப்போம்" என்றேன்.

மாப்பிள்ளை என்பது இயந்திரம். அதற்குக் கம்பெனி வைத்த பெயர் வேறு. முந்நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் குழாய்க்கு எந்தத் தண்டிலிருந்து எவ்வளவு மின்சாரம் விடுவது என்று முன்பெல்லாம் பொறியாளர்கள் முடிவு செய்தார்கள். ஏழு வருஷமாக அது முடிவு செய்கிறது. தானாகவே விட்டுப் பார்க்கும், குழாய் எவ்வளவு பத்திரமாக இருக்கிறது என்ற அளவு வரும், அளவு நன்றாக இருந்தால் அதையே தொடரும், இல்லையென்றால் வேறு மாதிரி விட்டுப் பார்க்கும். யாரும் அதைக் கேள்வி கேட்பதில்லை, அது கேட்டதெல்லாம் உடனே கிடைக்கும், முகம் கோணினால் திருச்சியிலிருந்து ஆள் ஓடி வரும். அதனால் மாப்பிள்ளை.

மெஹருன்னிசா டேப்லெட்டில் தட்டினார். ஏன் இந்த இரண்டு தண்டு மட்டும்?

பதில் உடனே வந்தது. இந்த இரண்டிலிருந்து விட்டால் வழக்கமான மின்சாரத்தில் ஐந்தில் ஒரு பங்கே போதும். மேலக்களத்தூரில் அளவு லைன் முழுவதிலும் மிகச் சிறப்பாக இருக்கிறது.

ஏன்?

வழியில் உலோகம் உள்ளது.

யாருடைய உலோகம்?

பதிவு 118-4. உரிமையாளர் இல்லை.

"உரிமையாளர் இல்லாத இரும்பு தமிழ்நாட்டுல எங்கய்யா இருக்கு?" என்றார் மெஹருன்னிசா. "ஒரு ஆணி கிடந்தாக்கூட நாலு பேரு எடுத்துட்டுப் போயிருப்பான்."

காத்தமுத்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உரிமையாளர் இல்லை என்ற அந்த இரண்டு சொல்லும் எனக்குப் பழக்கமானவை. இன்ஜினியரிங்கை மூன்றாம் வருஷத்தில் விட்டபிறகு, இந்தக் குழாய்க்கே திருச்சிக் கட்டுப்பாட்டு அறையில் மூன்று வருஷம் இரவு வேலை பார்த்தவன் நான். அதையும் விட்டேன். ஏன் விட்டாய் என்று கேட்பவர்களிடம் தூக்கம் சரியில்லை என்பேன், அது உண்மைதான். அந்தச் சொற்கள் ஏன் பழக்கம் என்று அப்போது நான் சொல்லவில்லை.

*

மறுநாள் காலை மெஹருன்னிசா காத்தமுத்துவிடம், மேலக்களத்தூரில் அளவு எப்படி எடுப்பீர்கள், எடுத்துக் காட்டுங்கள் என்றார்.

காத்தமுத்து இருபத்திரண்டு வருஷமாக லைன் நடப்பவர். தினம் எட்டு கிலோமீட்டர். குழாய்மேல் யாராவது தோண்டுகிறார்களா, வீடு கட்டுகிறார்களா என்று பார்ப்பார். மாதம் இருமுறை அளவு எடுப்பார். தானாக அளக்கும் கருவிகளைக் கம்பங்களில் வைத்துப் பார்த்தார்கள். திருடர்கள் செம்புக்காகப் பிடுங்கிப் போய்விட்டார்கள். ஆகவே மாப்பிள்ளைக்குக் கண்ணும் காதும் காத்தமுத்துதான். லைன் முழுவதிலும் சிறந்த அளவு என்று கம்பெனி ஆண்டுவிழாவில் இரண்டு முறை பரிசு வாங்கியிருக்கிறார். இரண்டு முறையும் பிரஷர் குக்கர்.

மீட்டரின் ஒரு வயரை, டீசல் குழாயோடு இணைத்திருந்த மஞ்சள் கம்பத்தில் மாட்டினார். இன்னொரு வயர் முனையில் மயில்துத்தம் நிரப்பிய ஒரு குடுவை. அவர் அதை நீலக் குப்பி என்பார். அதைக் குழாய்க்கு நேர் மேலே மண்ணில் ஊன்ற வேண்டும். அவர் ஊன்றவில்லை. வயரை நீட்டிக்கொண்டே நடந்து, தொட்டியின் தூணடியில், குடிநீர்க் குழாயடியிலிருந்து எப்போதும் தண்ணீர் சிந்திச் சேறாகக் கிடந்த இடத்தில் குப்பியை அமிழ்த்தினார்.

மீட்டர் ஒரு துடிப்பும் இல்லாமல் நின்றது. அருமையான எண்.

"ஏண்ணே இங்க வெக்கிறீங்க?"

"பின்ன? பங்குனி பொறந்தா கரிசல் பாளம் பாளமா வெடிச்சுக் கிடக்கும், மேடம். காஞ்ச மண்ணுல முள்ளு ஆடும். ஆடுற நம்பர எழுதினா திருச்சியில வையுறான். ஈரத்துல வைக்கணும்னுதான் டிரெய்னிங்ல சொன்னாங்க. சுத்து வட்டாரத்துல வருஷம் பூரா ஈரம் இந்த ஒரு இடம்தான்."

"எத்தனை வருஷமா?"

"டேங்க் கட்டுன நாள்லேருந்து."

மெஹருன்னிசா குப்பியைப் பிடுங்கி, குழாய்க்கு நேர் மேலே வெடித்த மண்ணில் வைத்து, தன் தண்ணீர்ப் பாட்டிலை முழுக்க அதன்மேல் ஊற்றினார். கொஞ்சம் பொறுத்தார். வேறு எண் வந்தது. மோசமில்லை. ஆனால் பிரஷர் குக்கர் வாங்கும் எண் இல்லை.

அவர் நிமிர்ந்து தொட்டியைப் பார்த்தார். நானும் பார்த்தேன். இருவருக்கும் ஒரே நேரத்தில் புரிந்திருக்க வேண்டும். பூங்கோதை மோட்டாரை நிறுத்திவிட்டு வந்து, என்ன எல்லாரும் டேங்கையே பார்க்கிறீர்கள் என்றாள்.

மெஹருன்னிசா அவளுக்குத்தான் விளக்கினார். ஏரிக்கரைக் கிணற்றிலிருந்து தொட்டி வரை பூமிக்குள் என்ன குழாய் என்று முதலில் கேட்டார். இரும்பு என்றாள் பூங்கோதை.

"மின்சாரம் பஸ்ல போற ஆள் மாதிரிம்மா. மண்ணு வழியா போறது நடந்து போறது. இரும்பு கிடைச்சா அதுல ஏறிக்கும், சுலபம். ஏரிக்கரைல எங்க தண்டுலேருந்து கிளம்பி உங்க தண்ணிக் குழாய்ல ஏறிடுச்சு. ஏறுற இடத்துல இரும்புக்கு ஒண்ணும் ஆகாது. கடைசில எங்க டீசல் குழாய்க்கு வரணும்ல, அதுக்கு இறங்கியாகணும். இறங்குற இடத்துலதான் வினை. சும்மா இறங்காது. கொஞ்சம் இரும்பக் கையில எடுத்துட்டுத்தான் இறங்கும்."

"எங்க இறங்குது?"

மெஹருன்னிசா சேற்றைக் காட்டினார். "ஈரமா, எங்க குழாய்க்குக் கிட்ட இருக்கிற இடத்துல. அண்ணன் அங்கயே அளந்ததால நம்பர் பிரமாதமா வந்துச்சு, மெஷினும் அந்த வழியையே பிடிச்சுக்கிச்சு."

பூங்கோதை குனிந்து சேற்றைப் பார்த்தாள். பிறகு தன் குழாய் மூன்று தடவையும் தரையோடு தரையாக அரித்ததைத் திரும்பச் சொன்னாள், ஒவ்வொரு தடவையும் மாற்றிய மாதத்தோடு. அதன்பின் கேட்டாள், "குழாய் மட்டும்தானா?"

நாங்கள் கேட்கத் தயங்கிய கேள்வி அதுதான். ஏறு குழாய் தூணோடு கம்பி வைத்துக் கட்டப்பட்டிருந்தது. தூணுக்குள்ளும் இரும்பு இருக்கிறது.

நான் வண்டியிலிருந்து சுத்தியலை எடுத்து வந்தேன். எங்கள் குழிப் பக்கம் இருந்த இரண்டு தூண்களில் ஒன்றின் அடியில் சேற்றை ஒதுக்கிவிட்டுத் தட்டினேன். நல்ல தூணில் டங்கென்று வர வேண்டிய சத்தம் இதில் வரவில்லை. மரப்பெட்டியைத் தட்டுவது போல இருந்தது. இன்னும் இரண்டு தட்டு. உள்ளங்கை அகலத்துக்கு சிமெண்ட் பெயர்ந்து விழுந்தது.

உள்ளே கம்பி இல்லை. கம்பி இருந்த வழி இருந்தது. வரிவரியாகக் கம்பியின் முறுக்கு சிமெண்டில் அச்சாகப் பதிந்த துளை, அதில் பழுப்பு நிறச் சேறு. பால்பாயிண்ட் பேனாவை விட்டேன். முழுப் பேனாவும் போனது.

தொட்டியில் அறுபதாயிரம் லிட்டர் தண்ணீர். தொட்டியின் நிழலில் அங்கன்வாடி. அன்று பத்தொன்பது குழந்தைகள். அடுத்து ஜேசிபி தோண்ட வேண்டிய பகுதி அந்தத் தூணுக்கு மூன்று மீட்டரில். ஓட்டுநர் சாவி போட்டு வண்டியைச் சூடேற்றிக்கொண்டிருந்தார். காத்தமுத்து அவரை நோக்கி ஓடினார். அவர் ஓடி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

குழந்தைகளை மாரியம்மன் கோயில் மண்டபத்துக்குக் கொண்டுபோய் உட்காரவைத்தோம். பிறகு தொட்டியைக் காலி செய்ய வேண்டும். மெஹருன்னிசா ஊராட்சி அலுவலகத்துக்குப் போன் செய்தார். தலைவர் ஊரில் இல்லை, செயலர் மேலிடத்தைக் கேட்டுச் சொல்கிறேன் என்றார். சித்திரை மாதம். நானூறு வீட்டுத் தண்ணீரைச் சாக்கடையில் விட்டால் வெள்ளிக்கிழமை தீர்மானத்தில் அதையும் சேர்ப்பார்கள் என்பது பூங்கோதைக்குத் தெரியும். சாவிக்கொத்தைக் கையில் எடுத்துக்கொண்டு எங்களைப் பார்த்தாள்.

"மேலிடம் சொல்றவரைக்கும் அது நிக்குமா?"

"தெரியாது" என்றார் மெஹருன்னிசா.

அவள் போய் வால்வைத் திறந்தாள். மூன்று மணி நேரம் ஓடியது. முதலில் சிவப்பாக, பிறகு வெளுத்து. வீடு வீடாக ஆட்கள் வந்து நின்று பார்த்தார்கள். ஒருவர் குடத்தோடு வந்தார். இன்னொருவர் கேட்கக் கூடாத வார்த்தையால் அவளைத் திட்டினார். அவள் வால்விலிருந்து கையை எடுக்கவில்லை.

*

மாலை நாலு மணிக்குத் திருச்சி மேலாளர் போனில் வந்தார். மெஹருன்னிசா ஸ்பீக்கரில் போட்டார். நாங்கள் நாலு பேரும் புதுக் குழாயின்மேல் உட்கார்ந்திருந்தோம்.

அவர் கத்தவில்லை. முதலில் குழந்தைகளைப் பற்றி விசாரித்தார். பிறகு அறிக்கை எப்படி எழுத வேண்டும் என்று சொன்னார். லைன் ஊழியர் விதிப்படி குழாய்க்கு மேல் அளக்காமல் தவறான இடத்தில் அளந்திருக்கிறார். ஏழு வருஷத் தாள்களிலும் அவர் கையெழுத்து இருக்கிறது. தவறான அளவை நம்பி இயந்திரம் தவறாகக் கற்றது. ஊராட்சிப் பணியாளர் குழாய் அரிப்பைப் பார்த்தும் முறையாகத் தெரிவிக்கவில்லை. இவ்வளவுதான், இரண்டு பக்கம் போதும்.

"எல்லாம் உண்மைதானே?" என்று முடித்தார்.

உண்மைதான். போன் வைத்த பிறகும் அதுதான் தொந்தரவாக இருந்தது. காத்தமுத்து தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஈரத்தில் வைக்கச் சொன்னார்கள், எந்த ஈரத்தில் என்று சொல்லவில்லையே என்று மெதுவாகச் சொன்னார். ஓய்வுக்கு இன்னும் பதினாலு மாதம். இப்படி ஒரு அறிக்கை போனால் போலீஸ் கேஸ் ஆகும். அந்தக் குக்கர் ரெண்டையும் மகளுக்குக் கொடுத்துவிட்டேன், திருப்பிக் கேட்பார்களா என்றார். அவர் விளையாட்டுக்குச் சொல்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை.

"ஒரு ஆம்பியர் வருஷம் பூரா ஓடினா ஒன்பது கிலோ இரும்பு கரையும்" என்றார் மெஹருன்னிசா, யாரிடமும் என்றில்லாமல். "ரெண்டு ஆம்பியர், ஆறேழு வருஷம் போயிருக்கு. நூறு கிலோவுக்கு மேல. அவ்வளவு இரும்பு இருக்கிற ஒரு பொருள அது ஏன் பொருளாவே நினைக்கல?"

"நான் கேக்கவா?" என்றேன்.

டேப்லெட்டை வாங்கி, பதிவு 118-4-ஐ முதலில் எப்போது பயன்படுத்தினாய் என்று தட்டினேன். பதில் இப்படி வந்தது:

வழியில் அடையாளம் தெரியாத உலோகம் இருந்ததால் உரிமையாளர் யார் எனக் கேட்டேன். கேட்ட நேரம் 03.12. பதில்: உரிமையாளர் இல்லை. பதில் தந்தவர்: ஆபரேட்டர் 17. பதிலுக்கு எடுத்துக்கொண்ட நேரம்: இரண்டு வினாடி.

அதன் கீழே ஆறு வருஷத்துக்கு முந்தைய ஒரு தேதி.

"அப்ப கேட்டிருக்கு" என்றார் மெஹருன்னிசா. "பாவி, கேட்டிருக்கு. யாரு இந்தப் பதினேழு?"

திருச்சிக் கட்டுப்பாட்டு அறையைக் கலைத்துவிட்டார்கள். இப்போது இரவில் அங்கே ஆளே கிடையாது. வருகைப் பதிவேடுகள் எங்கே போயின என்று தெரியாது. எண்ணுக்கு எதிரே பெயர் எழுதிய தாள் ஒன்று சுவரில் ஒட்டியிருந்தது. அதை நான் கிளம்புவதற்கு முன்பே எலி பாதி தின்றிருந்தது. நான் பேசாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. இதை நான் நல்லவன் என்று காட்டச் சொல்லவில்லை. எவ்வளவு நேரம் யோசித்தேன் என்பதற்காகச் சொல்கிறேன். ஜேசிபி ஓட்டுநர் தள்ளி நின்று ஒரு பீடியைப் பற்றவைத்து முடிக்கும் வரை யோசித்தேன்.

"நான்தான்" என்றேன்.

அப்புறம் எல்லாவற்றையும் சொன்னேன். மாப்பிள்ளை வந்த புதிதில் ராத்திரி முழுக்கக் கேட்டுக்கொண்டே இருக்கும். இங்கே ஏதோ உலோகம் தெரிகிறது, யாருடையது? பதில் சொல்லும்வரை அலாரம் கத்தும். திரையில் மூன்று பொத்தான். எங்களுடையது. பிறருடையது. உரிமையாளர் இல்லை. முதலாவதைத் தொட்டால் வரைபட எண் கேட்கும். இரண்டாவதைத் தொட்டால் பன்னிரண்டு பக்கப் படிவம் திறக்கும். பெயர், முகவரி, நேரில் பார்த்த தேதி, போட்டோ. மூன்றாவதைத் தொட்டால் அலாரம் நின்றுவிடும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே எல்லாரும் மூன்றாவதற்கு வந்துவிடுவார்கள். அறைக்குள் அதற்குப் பெயரே இருந்தது: தாலாட்டு. மணி மூணு, தாலாட்டுப் பாடு என்பார்கள்.

"இல்லைன்னு சொன்னா அது என்ன பண்ணும்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார் மெஹருன்னிசா.

தெரியாது என்றேன். அலாரம் நிற்கும் என்பது மட்டும் தெரியும். ஆளில்லாத இரும்பென்று அது தன் பாதையாக்கிக்கொள்ளும் என்று அவர்தான் சொன்னார்.

பூங்கோதை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் புடவை முழங்கால்வரை நனைந்து சிவப்புக் கறை படிந்திருந்தது.

"தூக்கமா?"

"தூக்கம்தான்."

"நானும் மூணு வருஷமா தூங்கல" என்றாள். அதைச் சாபம் மாதிரிச் சொல்லவில்லை. ஒரு தகவல் மாதிரிச் சொன்னாள். 

பூங்கோதை கேட்ட கடிதத்தை அங்கேயே எழுதினேன். மெஹருன்னிசா சொல்லச் சொல்ல, அவருடைய கம்பெனித் தாளில். தண்ணீர்க் குழாய் ஏன் அரித்தது, தூண் ஏன் உள்ளே காலியானது, இதில் டேங்க் ஆபரேட்டருக்கு ஏன் பங்கில்லை. காத்தமுத்து எங்கே அளந்தார் என்பதையும் எழுதினேன், ஏன் என்பதையும். கேள்வி எந்த நேரத்தில் யாரிடம் வந்தது, யார் என்ன பதில் சொன்னார் என்பதை எழுதி, பதினேழு என்ற எண்ணுக்குப் பக்கத்தில் என் முழுப் பெயரைப் போட்டேன். மெஹருன்னிசாவும் கையெழுத்திட்டார். மேலாளர் இரண்டு பக்கம் கேட்டிருந்தார். நாலு பக்கம் வந்தது.

பூங்கோதை அதை வாங்கி ஒரு தடவை முழுக்கப் படித்தாள். மடித்து, சாவிக்கொத்து தொங்கிய சுருக்குப்பைக்குள் செருகிக்கொண்டாள். நன்றி எதுவும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய காரணமும் இல்லை.

"இது மாதிரி எத்தன தடவ அமுக்குன?" என்று மட்டும் கேட்டாள்.

எனக்கும் அது தெரியாது. மாப்பிள்ளையைக் கேட்டேன். ஆபரேட்டர் 17, உரிமையாளர் இல்லை என்ற பதில், மொத்தம்: நூற்றுப் பதினொன்று. மற்ற ஆபரேட்டர்களின் எண்ணிக்கை வேண்டுமா என்றும் கேட்டது. மெஹருன்னிசா திரையைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டு, முதலில் இதைப் பார்ப்போம் என்றார். ஒவ்வொன்றுக்கும் கிலோமீட்டர் எண் இருந்தது. பாலமா, பள்ளிக்கூடமா, கிணறா என்று இல்லை. உலோகம் என்று மட்டும் இருந்தது.

அவர் ஏரிக்கரைத் தண்டுகளை நிறுத்தும்படி மாப்பிள்ளைக்கு உத்தரவு கொடுத்தார். 118-4-ஐ இனிமேல் தொடக் கூடாது என்றும் போட்டார். மாப்பிள்ளை ஒரு மறுப்பும் சொல்லவில்லை. ஏற்கப்பட்டது என்றது. அரை நிமிஷம் கழித்து டேப்லெட் கத்தியது. அந்த அலாரத்தை நாலு வருஷத்துக்குப் பிறகு கேட்கிறேன். அதே சத்தம்.

மாற்று வழி கண்டறியப்பட்டது. வழியில் உலோகம்: 118-6. உரிமையாளர் யார்?

காத்தமுத்து எட்டிப் பார்த்தார். நூற்றுப் பதினெட்டாவது கிலோமீட்டரில், தொட்டிக்கு அந்தப் பக்கம், குழாயை ஒட்டி வேறு என்ன இரும்பு இருக்கிறது என்று விரல் மடக்கி யோசித்தார்.

"சுடுகாட்டுக் கொட்டகை" என்றார். "அதுக்கு ஓனரு யாருன்னு போடுவ தம்பி? போனவங்களையா, இனிமே போறவங்களையா?"

பூங்கோதை முதல் தடவையாகச் சிரித்தாள்.

திரையில் மூன்று பொத்தான். அலாரம் விடாமல் கத்தியது. என் கட்டைவிரல் தானாகக் கிளம்பி மூன்றாவதை நோக்கிப் போனது. நான் அனுப்பவில்லை, அதற்கு வழி தெரிந்திருந்தது. பூங்கோதை அந்த விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நடுப் பொத்தானைத் தொட்டேன். சத்தம் நின்றது. பன்னிரண்டில் முதல் பக்கம் திறந்தது. உரிமையாளர் பெயர் என்று ஒரு கட்டம். நேரில் பார்த்த தேதி என்று இன்னொன்று.

காத்தமுத்து நீலக் குப்பியைத் துடைத்துப் பைக்குள் வைத்தார். தண்ணீர்ப் பாட்டிலைப் பூங்கோதையிடம் கொடுத்து, வீட்டுக் குடத்திலிருந்து நிரப்பிக்கொண்டு வரச் சொன்னார். பிறகு என் சுத்தியலை எடுத்துக் கையில் கனம் பார்த்தார்.

"நேர்ல பாக்கணுமாம்ல" என்றார். "எந்திரி. வெளிச்சம் இருக்கையிலயே நடந்துரலாம்."